கூட வந்தவர் நோட்டு

“செவ்வாய். யானை 3. கூட வந்தவர் 38. வராதவர் 6. மழை இல்லை.”

ஒரு நீள நோட்டின் பதினான்காம் பக்கத்தில், மேல் ஓரத்தில், பச்சை மையில் எழுதிய வரி இது. கீழே முப்பத்தெட்டு அடையாளங்கள் இருக்கின்றன. தமிழில் பதினாறு கையெழுத்து, தெலுங்கில் ஏழு, கன்னடத்தில் ஐந்து, இந்தியில் நான்கு, கைநாட்டு ஆறு. ஒடியாவில் ஒன்றும் இல்லை. அட்டையில் ‘கூட வந்தவர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எழுதியவர் சானமாவுக் காட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவரேதான் கொடுத்தார்.

நான் தேதி எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். எந்தப் பேருந்து எப்போது நின்றது, எந்த ஏரி எந்த வாரம் நிரம்பியது, எந்த நடுகல்லை யார் வீட்டுப் படியாகப் போட்டுக்கொண்டார்கள் என்று எங்கள் சுற்று வட்டாரத்தைப் பற்றிப் பதினோரு டைரிகள் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டும் தேதியும் தரப்போவதில்லை. தந்தால் பள்ளி எது, ஆசிரியை யார் என்று தெரிந்துவிடும். கிழமைகளை மட்டும் டைரியில் உள்ளபடியே தருகிறேன்.

அவர் குள்ளமானவர், வேகமாக நடப்பவர். மார்கழியில் புடவைக்கு மேல் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர், அதன் வலது கை முழங்கை வரை சுண்ணக்கட்டித் தூள். பாகலூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி எட்டரை மணிக்கெல்லாம் பள்ளிக் கேட்டில் நின்றுவிடுவார். கடைசிப் பிள்ளை உள்ளே போகும் வரை நாற்காலியில் உட்கார மாட்டார், தேநீர் குடிக்க மாட்டார். வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி.

“கூட யாரு வந்தா?”

வீட்டுப் பாடம் முடித்தாயா, குளித்தாயா, சாப்பிட்டாயா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் “யாரும் வரல டீச்சர்” என்பார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள், “எதுத்த வீட்டு நாய் வந்துச்சு டீச்சர்” என்றான்.

“அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாடா?”

“தெரியாது டீச்சர்.”

“அப்ப நாளைக்குத் தெரிஞ்சவங்களைக் கூட்டிக்கினு வா.”

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தபோதும் டீச்சர் வாய் தவறி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். அலுவலர் திகைத்து, “டிரைவர் வந்திருக்காரும்மா” என்றார். “வெளியே ஏன் நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லுங்க சார்” என்று டிரைவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். டிரைவர் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கடைசி வரை கேட்டுவிட்டுப் போனார். டைரியில் அந்த வரிக்குப் பக்கத்தில் நான் சிரிப்பு என்று எழுதியிருக்கிறேன்.

பள்ளியில் நாற்பத்து நான்கு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். சொந்தமாக நிலம் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் ஓசூருக்கு வேனில் போய்விடுவார்கள். இங்கே படிப்பவர்கள் மற்றவர்களின் பிள்ளைகள். உள்ளூர்த் தெலுங்குக் குடும்பங்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள், தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், லைன் வீடுகளில் ஒற்றை அறையில் இருக்கும் பீகார், அசாம் குடும்பங்கள், ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களிலேயே தங்கி வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்கள். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டால் ஐந்து சொற்கள் கேட்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் கல்வி ஆர்வலர் என்ற பெயரில் உறுப்பினர். நான் போன முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் தலைமையாசிரியை, உதவி ஆசிரியை, சத்துணவு சமையலர், நான், பிறகு மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு தகப்பன். அவரை டீச்சர் நாற்பது நிமிடம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தத் தகப்பன் நன்றாகப் பேசினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

யாரும் வராததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. மூன்று ஷிஃப்ட். கணவன் வரும்போது மனைவி போவாள். டீச்சர் கூட்ட நேரத்தை ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தார். ஞாயிறு வைத்துப் பார்த்தார். நான்கு மொழியில் அறிவிப்பு அடித்தார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் வரவில்லை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வலது கண் சரியாகத் தெரியவில்லை என்பதை அவர் கண்டுபிடித்த வாரம், லைன் வீட்டுக்கு நான்கு முறை போனார். நான்கு முறையும் பூட்டு. ஐந்தாம் முறை கதவிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு வந்தார். “உங்கள் மகனுக்கு வலது கண் மங்கல். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.” லைன் வீடுகளின் சொந்தக்காரர் பள்ளிக்கு வந்து கத்தினார்.

“பெயின்ட் அடிச்சு ரெண்டு மாசங்கூட ஆவலீங்க. கதவு என்ன உங்க போர்டா?”

“அழிச்சுத் தர்றேங்க. அதுக்கு முன்ன அவங்க படிச்சாங்களான்னு சொல்லுங்க.”

அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் இருவருக்கும் தோன்றியது. சொந்தக்காரர் தணிந்து, தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்தப் பையன் ஒரு வருடம் முழுக்கப் பலகையைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தான் என்று டீச்சர் என்னிடம் சொன்னார். “எவனும் பாக்கல சார். நானும் பாக்கல. வீட்ல ஒருத்தர் ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.” தன்னைப் பற்றி அவர் சொன்னதும் அந்தப் பேச்சோடு சேர்ந்த ஒரே வாக்கியம்தான்: “எங்கப்பாவுக்கு நான் படிச்ச ஸ்கூல் எந்தப் பக்கம்னே தெரியாது சார்.”

ராகி முற்றும் பருவத்தில், ஒரு திங்கட்கிழமை, காட்டிலிருந்து யானைகள் வந்தன. நான்கு. வனத்துறை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே போனது. பள்ளிக்கு வரும் வழியில் ஒரு தைல மரத் தோப்பு உண்டு, யானை வந்தால் பகலில் அதற்குள்தான் நிற்கும். மறுநாள் காலை, பள்ளியின் வரலாற்றில் முதல் முறையாக, பெரும்பாலான பிள்ளைகளின் கூட ஒருவர் வந்தார். ஷிஃப்ட் முடித்த சட்டையோடு, கையில் டிபன் கேரியரோடு, சிலர் கம்போடு. டீச்சர் கேட்டில் நின்று எண்ணினார். அவர் கேள்வியே கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வந்தது வந்தீங்க. உள்ள வாங்க. ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிடம் முதல் பாட வேளை முழுவதும் நீண்டது. அன்றுதான் அந்த நோட்டு தொடங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கரும்பலகை மாட்டினார். படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுத்துக்குப் பதில் யானையே வரைந்தார். எத்தனை யானையோ அத்தனை. அவருக்கு வரைய வராது. கவிழ்த்த பானைக்கு நான்கு கால் வைத்தது போல இருக்கும். “டீச்சர், இது பன்னி மாதிரி இருக்குது” என்று பிள்ளைகள் சொல்வார்கள். தும்பிக்கையை இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

அடுத்து வந்த வாரங்களில் பலகையில் யானை இல்லாத நாள் குறைவு. ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வனத்துறைச் செய்தி வரும். லைன் வீடுகளில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் இல்லை. அவர்களுக்குப் பலகைதான் செய்தி. ஒரு சந்தில் இருப்பவர்கள் சேர்ந்து நடந்து வர ஆரம்பித்தார்கள். பக்கத்து அறையில் இரண்டு வருடம் இருந்தும் பேசாத ஒரு அசாம்காரரும் திருவண்ணாமலைக்காரரும் பிள்ளைகளை முறை வைத்துக் கூட்டிவந்தார்கள். பீகார்க்காரரான ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, இரண்டாம் வகுப்புக் குட்டிப் பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். உதவி ஆசிரியை எழுப்பப் போனபோது டீச்சர் தடுத்தார்.

“தூங்கட்டும். வந்தாரில்ல.”

மகள் அவர் குறட்டைக்கு ஏற்றாற்போல வாய்ப்பாடு சொன்னாள். ஒரு தெலுங்குக்கார அம்மா தன் நாலாம் வகுப்பு மகனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்து, அன்று மாலை வீட்டில் டிவி கேபிளைப் பிடுங்கினார். அரையாண்டுக்குள் அவன் வாசித்தான். இதை நான் நேரில் கேட்டேன்.

உள்ளூர்க்காரரான அதே அம்மாதான் ஒருநாள் கேட்டார். “நேத்து எங்க பக்கம் ஒண்ணும் வரலயே டீச்சரம்மா?”

“ஓரமா போயிடுச்சும்மா” என்றார் டீச்சர், நோட்டில் எழுதிக்கொண்டே.

நான் அப்போது எங்கள் பகுதி யானை நடமாட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை யானை என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்றால் என் போன்றவனுக்கு அது புதையல். டீச்சரிடம் நோட்டை இரவல் கேட்டேன். ஒரு கணம் தயங்கி, கொடுத்தார். வனத்துறையில் யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் வாட்சர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரும் ஒரு சின்ன டைரி வைத்திருக்கிறார். ஒரு கல்வெட்டு சொல்வது உண்மையா என்று பார்க்க இன்னொரு கல்வெட்டு வேண்டும் என்பது படித்துப் பழகிய பாடம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

நோட்டில் யானை வந்த நாட்கள் முப்பத்தொன்று. வாட்சர் டைரியில் அவற்றில் நான்கு.

முதலில் நான் கிழமையைத் தவறாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன். வாட்சரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“இந்தச் செவ்வாய்? மூணு யானை?”

“எதுவும் இல்லீங்க சார். அதுங்க எல்லாம் அப்பவே தேன்கனிக்கோட்டை பக்கம் போயாச்சு. நானும் பின்னாடியே போயி அங்கதான் பதினஞ்சு நாளு கெடந்தேன்.”

“இந்தப் புதன்?”

“அன்னிக்கு எங்க அக்கா பொண்ணு கல்யாணம் சார். யானை வந்திருந்தா எனக்கு லீவு ஏது?”

முப்பது வருடம் அளவு பார்த்தவன் நான். தவறான அளவைப் பார்த்திருக்கிறேன். அளக்காமலே எழுதிய அளவை, அதுவும் டீச்சர் கையால் எழுதியதை, பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்கு, பிள்ளைகள் போன பிறகு, நோட்டை அவர் மேசையில் வைத்தேன். நான் பென்சிலில் இட்ட இருபத்தேழு புள்ளிகளை அவர் பார்த்தார். மறுக்கவில்லை.

“யானை இருக்குது சார். இந்தப் பக்கம் இல்ல, அவ்வளவுதான்.”

“இது பொய் டீச்சர்.”

“பொய்தான்.”

“ஏன்?”

“மொத தடவ நெஜமா வந்தப்ப எல்லாரும் வந்தாங்க. யானை போனதும் பலகைய அழிச்சேன். மறுநாளு ஒம்பது பேரு வந்தாங்க. அடுத்த நாளு ரெண்டு. அதுக்கப்புறம் வரைஞ்சேன்.” நோட்டை மூடினார். “வேற எதுக்கும் வர மாட்டேங்கிறாங்க சார். நான் எதத்தான் வரையறது?”

பெற்றோர்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றார். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், பத்து நாள், அதற்குள் அவர்களுக்கே பழகிவிடும் என்றார். எனக்கும் அந்த வாசித்த பையனின் குரல் காதில் இருந்தது. சரி என்றேன். குழுவின் தீர்மானப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. அதில் அன்றைக்கு நான் எதையும் எழுதவில்லை. டைரியிலும் எழுதவில்லை. பதினோரு டைரிகளில் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட பக்கம் அது ஒன்றுதான்.

இனி ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமியைப் பற்றி. அவளை மினி என்று வைத்துக்கொள்வோம். நாலாம் வகுப்பு. வந்த மூன்று மாதத்தில் தமிழ் பேசினாள், ஆறு மாதத்தில் படித்தாள். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு, பள்ளிக்குள் வருவாள். பலகையில் எத்தனை யானை இருந்தாலும் அவள் கூட யாரும் வந்ததில்லை.

“கூட யாரு வந்தா மினி?”

“நான்தான் டீச்சர். தம்பிகூட நான் வந்தேன்.”

டீச்சர் அவளிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். வராத ஆறு பேரில் முதல் பெயர் எப்போதும் அவளுடைய அப்பா. எனக்கு வாக்குக் கொடுத்த அந்தப் பத்து நாட்களுக்குள், ஒரு புதன்கிழமை மாலை, டீச்சர் மினியோடு நடந்து பாலிஹவுஸுக்கே போனார். அவள் அம்மாவிடம், கையாலும் கொஞ்சம் இந்தியாலும், யானை வருகிறது, குட்டியோடு வருகிறது, பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வியாழன் காலை மினியின் அப்பா வந்தார். நானும் கேட்டில் இருந்தேன். மருந்து தெளிக்கும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். பலகையில் ஐந்து யானை, ஒன்று குட்டி. அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். மினி பலகையைப் பார்க்காமல், தரையைப் பார்த்து மொழிபெயர்த்தாள்.

“அப்பா கேக்கறாரு, இது நெஜமான்னு.”

“நெஜந்தான்” என்றார் டீச்சர்.

“குட்டியும் இருக்குதான்னு கேக்கறாரு.”

“இருக்குது. அதனாலதான் தினமும் அப்பா கூட வரணும்னு சொல்லு.”

“எந்தப் பக்கம்னு கேக்கறாரு.”

டீச்சர் கையை நீட்டினார். “அந்தப் பக்கந்தான். உங்க பாலிஹவுஸ் பக்கம்.”

நான் இரண்டு கை தூரத்தில் நின்றேன். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டார். ஒடியா எழுத்தில் அந்த நோட்டில் உள்ள ஒரே கையெழுத்து அது. டீச்சர் அதைக் காய்வதற்காக ஊதினார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மினி வரவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்களும் வரவில்லை. அன்று மாலை நானும் டீச்சரும் போனோம். அறை திறந்தே கிடந்தது. ஒரு பக்கெட், ஒரு உடைந்த தேங்காய்த் துருவி, சுவரில் மினி கரியால் எழுதிய தமிழ் எழுத்துகள், ‘க’விலிருந்து ‘ன’ வரை. பக்கத்து அறையில் இருந்தவர் அதே ஊர்க்காரர், ஆறு வருடமாக இங்கே இருப்பவர். அவர் சொன்னதை நான் அன்றே எழுதி வைத்தேன்.

“அவன் ஊர்ல யானை வந்துச்சு சார். கூட்டமா, குட்டியோட. வீட்டுச் செவுரத் தள்ளிடுச்சு. பெரிய பையன் போயிட்டான். மினிக்கு அண்ணன். ஏழு வயசு. அதான் நெலத்த உட்டுட்டு வந்தான். இங்க கம்பெனி, பெரிய ரோடு, யானை இருக்காதுன்னு நான்தான் கூட்டிக்கினு வந்தேன்.”

பக்கத்து அறைக்காரரே தொடர்ந்தார்.

“இங்க யானை இருக்குதுன்னு மேஸ்திரியும் சொல்லல, நானும் சொல்லல. அந்தப் புள்ளைக்குத் தெரியும். தினம் போர்டுல போடறாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சித்தப்பா, சொன்னா ஊர் மாத்திடுவாரு, ஸ்கூல் போயிடும்னு சொல்லும். வியாழக்கெழம அவன் ஸ்கூல்லேர்ந்து வந்தான், மூட்டை கட்டினான். எங்கடா போறேன்னு கேட்டேன். யானை இல்லாத ஊருக்குன்னான்.”

டீச்சர் அப்படியே செம்மண் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“புதன்கெழம நான் அவங்கம்மாகிட்ட பேசிக்கினு இருந்தப்ப அவ என் முந்தானையப் புடிச்சு இழுத்தா சார். ரெண்டு தடவ. வெக்கப்படறான்னு நெனச்சேன்.”

நான் பல அதிர்ச்சிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் உதவவில்லை. ஒரு குழந்தை எட்டு வாரம் தனியாகத் தோப்பைத் தாண்டி நடந்து, பள்ளியைக் காப்பாற்றிக்கொள்ள யானையை மறைத்திருக்கிறது. பள்ளி, இல்லாத யானையைக் காட்டி அவளைத் துரத்தியிருக்கிறது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பள்ளி கண்டதிலேயே பெரிய கூட்டம், அந்தப் பொய்யின் புண்ணியத்தால். வராண்டா நிறைந்து வெளியேயும் நின்றார்கள். டீச்சர் எழுந்து முதலில் தமிழில் சொன்னார். எத்தனை நாள் யானை வரவில்லை, எத்தனை நாள் தான் வரைந்தேன், மினி என்ன செய்தாள், அவள் அப்பா ஏன் போனார். பிறகு தெலுங்கில் சொன்னார். பிறகு கன்னடத்தில். இந்தி போதாமல் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைச் சொல்லச் சொன்னார். அவர் எழுந்து நின்று, “டீச்சர், இத நான் சொல்லணுமா?” என்றார். “சொல்லுங்கண்ணா” என்றார் டீச்சர். சொன்னார். அமைதி நான்கு முறை வந்தது, ஒவ்வொரு மொழிக்கும் ஒருமுறை, மூலை மூலையாக. கடைசி மூலையும் அடங்கியபோது வெளியே சத்துணவு அடுப்பில் குக்கர் விசில் கேட்டது.

முதலில் பேசியவர் கேபிளைப் பிடுங்கிய அம்மா. அதுவரை ‘நீங்க’ என்றவர்.

“ஏம்மா, பயமுறுத்திக் கூட்டினு வந்தியா எங்கள? ஷிஃப்ட்ட உட்டுட்டு வந்தமே. கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டமா?”

“கூப்ட்டேனே” என்றார் டீச்சர். குரலில் வாதம் இல்லை. “ஒம்பது தடவ கூப்ட்டேன்.”

பின்னாலிருந்து ஒருவர், “இனிமே நெஜமாவே யானை வந்தா எவன் நம்புவான்?” என்றார். இன்னொருவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனார். மூன்று நான்கு பேர் அவர் பின்னால் போனார்கள். அந்த அம்மா போகவில்லை. சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்.

“அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குது?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா? தேடு. நாங்களும் கேக்கறோம்.”

அவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கம்பெனியில், தன் லைன் வீட்டில், காய்கறி மண்டியில். பாகலூர் பக்கத்துப் பாலிஹவுஸ்கள், பேரிகை, எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் வரை. டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். சில வாரம் நானும் போனேன். பாலிஹவுஸ் வாசல்களில் மினியின் வயதுப் பிள்ளைகளைப் பார்த்தோம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் அவர்கள். அவர்களில் மூன்று பேரை டீச்சர் அந்தந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தார். அவர்களுள் யாரும் மினி இல்லை. பலகையைக் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டார். கேட்டில் நிற்பதை நிறுத்தவில்லை, கேள்வியை நிறுத்திவிட்டார். கூட்டத்துக்கு அடுத்த திங்கள் பிள்ளைகளோடு பதினேழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்குப் பிறகு அவர் நோட்டில் எழுதவில்லை, ஆகவே என்னிடமும் கணக்கு இல்லை.

நடந்ததை எழுதி அலுவலகத்துக்கும் அவரே கொடுத்தார். அடுத்த மாறுதலில் பாரூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார். அங்கே எல்லாரும் நெல்லும் கரும்பும் வைப்பவர்கள், வாய்க்கால் தாண்டினால் பள்ளி. ஒருமுறை போய்ப் பார்த்தேன். சொல்ல ஒரு செய்தி இருந்தது. வாட்சர் தன் பழைய டைரியைப் புரட்டி, அந்த வியாழக்கிழமை விடியும் முன் ஒற்றை யானை ஒன்று பாலிஹவுஸ் பின்னால் முட்டைக்கோஸ் தோட்டத்தில் நடந்து போனதாகத் தோட்டக்காரர் ஒருவர் சொன்னதைக் காட்டினார். அவர் கால்தடம் பார்க்கவில்லை. ஆனாலும் குறித்து வைத்திருந்தார். மினியின் அப்பாவே அதைக் கேட்டிருக்கலாம், அதனால்தான் பூட்ஸோடு ஓடி வந்திருக்கலாம் என்றேன். டீச்சருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கேட்டுவிட்டு, “வரையறப்ப எனக்கு அது தெரியாதில்ல சார்” என்றார். டைரியில் வெறுமையாக விட்ட பக்கத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அலமாரியிலிருந்து இந்த நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நீங்க தேதி போட்டு எழுதறவரு. வெறுமையா உட்ட பக்கத்தையும் எழுதுங்க.” எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒரு தகவல். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் இப்போது வேறு கம்பெனியில், வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போகிறார். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணி அளவில், அத்திப்பள்ளிக்கு அப்பால் சாலை ஓரத்தில், ஒரு சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு சிறுமியைப் பார்த்து, வண்டியிலிருந்தே மினியின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகவும் அவள் திரும்பிப் பார்த்ததாகவும் போன் செய்தார். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்ப, நிறுத்த முடியவில்லை. முதுகில் பை இருந்தது என்கிறார். பள்ளிப் பையா, துணி மூட்டையா என்று கேட்டேன். பை என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நான் இரண்டு முறை போய் அந்தச் சாலையில் நின்றேன். உறுதி செய்ய முடியவில்லை.